பொதிகை வழியில்

34 ஆண்டுகள் நான் தமிழாசிரியனாகப் பணி செய்தேன். அவ்வாண்டுகளுள் பொதிகை மலையைப் பற்றி வகுப்பறையில் பேசாத ஆண்டு ஒன்றேனும் இல்லை. தென்றல் பிறக்கும் இடம் என்பேன். அகத்தியர் உறையும் இடம் என்பேன். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஆய் அண்டிரன் ஆண்ட மலை என்பேன். சந்தனமும் அகிலும் அங்கே மணக்கும் என்று சொல்லும்போது என் குரல் தானே உயரும். கேட்கும் மாணவர் கண்கள் விரியும். ஆனால், அம்மலையில் ஓரடியேனும் நான் வைத்ததில்லை. இத்தனைக்கும் தாமிரபருணிக் கரையில் பிறந்து, அவ்வாற்று நீரையே குடித்து வளர்ந்தவன் நான். மழை விட்ட காலை வேளைகளில் எங்கள் ஊர்ப் படித்துறையில் நின்று மேற்கே நோக்கினால், நீலத்திரை கட்டினாற்போல மலைத்தொடர் தோன்றும். அதனைப் பார்த்தபடியே நாள்தோறும் நீராடி வீடு திரும்பினேன். அங்கே சென்று வரவேண்டும் என்னும் எண்ணம் அறுபது வயதைக் கடக்கும்வரை எனக்குத் தோன்றவில்லை. நூல்களில் படித்ததே போதும் என்று இருந்துவிட்டேன்.

அவ்வெண்ணம் பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதனை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பத்துப்பாட்டினுள் குறிஞ்சிப்பாட்டு என்பது ஒன்று. அது கபிலர் பாடியது. 261 அடிகளை உடையது. ஆரிய அரசனாகிய பிரகத்தனுக்குத் தமிழின் இயல்பை அறிவுறுத்துதற்காகப் பாடப்பட்டது என்பர். தலைவியும் தோழியும் அருவியாடிய பின்னர்ப் பூக்களைப் பறித்துப் பாறைமேல் குவிக்கும் பகுதி ஒன்று அதில் வருகிறது. அங்கே கபிலர் 99 மலர்களின் பெயர்களை அடுக்கிச் சொல்கிறார். அப்பெயர்கள் நமக்கு முழுமையாகக் கிடைத்ததும் எளிதில் நிகழ்ந்ததன்று. உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டை அச்சிட்டு வெளியிட்டார். அதற்காக அவர் தேடிய சுவடிகளில் இம்மலர்ப் பகுதியில் சில பெயர்கள் சிதைந்து போயிருந்தன. தருமபுரம் ஆதீனத்துச் சுவடியிலே அவை அவருக்கு அகப்பட்டன. அவ்வாறு தேடிச் சேர்த்த பெயர்கள் அனைத்தையும் நான் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். மாணவர்கள் வியப்பார்கள். அந்த வியப்பில் எனக்கு ஒரு மயக்கம் இருந்தது என்பதை இப்போது உணர்கிறேன்.

ஒருநாள் நான் அவ்வாறு ஒப்பித்து முடித்ததும், கடைசி வரிசையில் ஒரு சிறுவன் எழுந்தான்.

“ஐயா, நாகம் என்று சொன்னீர்களே, அது எப்படி இருக்கும்?”

“அஃது ஒருவகைப் பூ” என்றேன்.

“எந்த வகை, ஐயா? என்ன நிறம்?”

வகுப்பு சிரித்தது. எனக்கு அந்த மலரின் நிறம் தெரியாது. மரத்தில் பூப்பதா, கொடியில் பூப்பதா என்பதும் தெரியாது. ‘தெரியவில்லை, அறிந்து வந்து சொல்கிறேன்’ என்று சொல்லியிருக்கலாம். அதற்கு மாறாகச் சினம் கொண்டேன். “பாடத்தில் இல்லாததைக் கேட்காதே” என்று சொல்லி, மணி அடிக்கும்வரை அவனை நிற்க வைத்தேன். ‘ஒருவகைப் பூ’ என்னும் தொடர் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு நல்ல நிழல். வேண்டும்போது அதன் அடியில் ஒதுங்கிக்கொள்ளலாம்.

அந்தச் சிறுவன் பின்னாளில் தாவரவியல் கற்று, ஒரு கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்தார். ஆண்டுக்கு ஒருமுறையேனும் என்னைக் காண வருவார். சென்ற ஆண்டு வந்தபோது, “ஐயா, பொதிகைக்கு இருவருக்கு இடம் பதிவு செய்திருக்கிறேன், நீங்கள் என்னோடு வரவேண்டும்” என்றார். அந்தப் பழைய நிகழ்ச்சியை அவர் நினைவில் வைத்திருக்கிறாரா, மறந்துவிட்டாரா என்று அவர் முகத்தைக் கொண்டு என்னால் அறிய முடியவில்லை. வீட்டார் தடுத்தனர். நான் வருவதாக ஒப்புக்கொண்டேன்.

பொதிகையின் முகடு 1,868 மீட்டர் உயரமுடையது. அடிக்கணக்கில் 6,100க்கு மேல். அகத்தியமலை என்றும், கேரளத்தில் அகஸ்தியகூடம் என்றும் அதனை வழங்குவர். தமிழகத்துத் திருநெல்வேலி மாவட்டமும் கேரளத்துத் திருவனந்தபுரம் மாவட்டமும் கூடும் எல்லையை ஒட்டி அம்முகடு நிற்கிறது. நாங்கள் சென்றது கேரளத்தின் நெய்யாறு வனவிலங்குச் சரணாலயத்தின் வழியாக. ஆண்டு முழுவதும் அவ்வழி திறந்திருப்பதில்லை. ஜனவரியில் தொடங்கிச் சில வாரங்கள் மட்டுமே, நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று அளவிட்டு வனத்துறையினர் விடுகின்றனர். இணையவழியில் முன்பதிவு செய்யவேண்டும். முன்னாளில் பெண்டிருக்கு முகடுவரை செல்ல இசைவில்லை. கேரள உயர்நீதிமன்றம் 2018இல் அளித்த தீர்ப்பின் பயனாக 2019 முதல் அவர்களும் ஏறுகின்றனர். எங்கள் குழுவிலும் நாகர்கோவிலிலிருந்து வந்த கல்லூரி மாணவியர் இருவர் இருந்தனர். அவர்கள் நடையைப் பார்த்தே நான் பாதி வழியைக் கடந்தேன் என்று சொல்லலாம்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் போனக்காடு என்னும் இடத்துக்குப் பேருந்து செல்கிறது. அங்கே ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று உண்டு. தோட்டம் இன்று காடு பாய்ந்து கிடக்கிறது. தொழிற்சாலை துருப்பிடித்து நிற்கிறது. அதனைக் கடந்து வனத்துறையின் சாவடியை அடைந்தோம். எங்கள் பைகளைச் சோதித்தார்கள். நெகிழிப் பொருள் எதனையும் உள்ளே விடுவதில்லை. என் பையில் மாற்றுடை, ஒரு கம்பளி, முழங்கால் வலிக்குத் தேய்க்கும் தைலம், குறிஞ்சிப்பாட்டுப் பாடக்குறிப்பு எழுதிய என் பழைய கையேடு ஆகியவை இருந்தன. கையேட்டைப் புரட்டிப் பார்த்த காவலர், அதில் என்ன கண்டாரோ, புன்னகை செய்து திருப்பித் தந்தார்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் காணி இனத்தைச் சேர்ந்தவர். நாற்பது வயதுக்கு மேலிருக்கும். காணிகள் இம்மலையின் இருபுறத்தும் நெடுங்காலமாக வாழ்கின்ற பழங்குடியினர். அவர் பேச்சில் தமிழும் மலையாளமும் விரவி வந்தன. கேட்கக் கேட்க எனக்குப் பழகிவிட்டது. நான் ஆசிரியனாக இருந்தவன் என்று அறிந்ததும் அந்நாட்டு வழக்கப்படி ‘சாரே’ என்று அழைக்கத் தொடங்கினார். அவர் காலில் செருப்பில்லை. எங்களுள் சிலர் விலை உயர்ந்த காலணிகள் அணிந்திருந்தனர். அடிக்கடி வழுக்கி விழுந்தவர்கள் அவர்களே.

முதல் நாள் நடை ஏறத்தாழ 15 கிலோமீட்டர். தொடக்கத்தில் வழி அவ்வளவு கடுமையாக இல்லை. மரநிழல் வானத்தை மறைத்திருந்தது. காலடியில் இலைச்சருகு மெத்தென்று அமுங்கியது. கரமனையாற்றை அதன் தலைப்பிலே கண்டோம். திருவனந்தபுர நகரை ஒட்டிப் பாலங்களின் கீழே ஓடும் அந்த ஆறு, இங்கே ஒருவர் தாண்டிவிடும் அளவில் கூழாங்கற்களுக்கிடையே சலசலத்தது. அடுத்து வாழைப்பைந்தியாறு. அதற்கு அப்பால் அட்டையாறு. பெயரைக் கேட்டதும் நான் கால்களை உதறிக்கொண்டேன். “இந்தக் காலத்தில் இல்லை, சாரே, மழைக்காலத்தில் வந்தால் தெரியும்” என்றார் வழிகாட்டி.

அட்டையாற்றங்கரையில் பாறைமேல் அமர்ந்து அவல் உண்டோம். எனக்கு மூச்சு இரைத்தது. அதனைக் கண்ட வழிகாட்டி, பாதையோரத்தில் நெஞ்சு வடிவான இலைகளை உடைய ஒரு சிறு செடியைச் சுட்டிக் காட்டினார். அதன் கதையைப் பேராசிரியர் சொன்னார். 1987ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் சிலர் இம்மலையில் காணிகளோடு நடந்தனர். வந்தவர்கள் களைத்துச் சோர்ந்தனர். வழிகாட்டிய காணிகளோ களைப்பு அறியாமல் நடந்தனர். அவர்கள் இடையிடையே ஏதோ காயைத் தின்பதை ஆராய்ச்சியாளர் கவனித்தனர். வற்புறுத்திக் கேட்ட பிறகே, காணிகள் இந்தச் செடியைக் காட்டினர். ஆரோக்கியப்பச்சை என்று அது பெயர் பெற்றது. பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தார் அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கினர். அதனால் வந்த உரிமத் தொகையில் பாதியைக் காணிகளுக்கு அளிப்பது என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. அறிவைத் தந்த பழங்குடியினருக்குப் பயனில் பங்கு கொடுத்தமையால் உலகமே இதனை எடுத்துக்காட்டாகப் பேசிற்று.

“சொன்னது சரியா?” என்று வழிகாட்டியைக் கேட்டேன்.

“சரிதான், சாரே. ஆனாலும் வெளியே சொல்லியிருக்க வேண்டாம் என்று எங்கள் பெரியவர்களில் சிலர் இன்னும் குறைப்படுவார்கள்” என்றார்.

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அட்டையாற்றுக்கு அப்பால் மரங்கள் விலகி, புல்வெளி வந்தது. உச்சிவெயில் முதுகைச் சுட்டது. யானை சென்ற தடமும், உலராத சாணமும் கண்டு வழிகாட்டி எங்களை நிறுத்தி, தாம் மட்டும் முன்சென்று பார்த்து வந்தார். புல்வெளி முடிந்ததும் ஏற்றம் தொடங்கியது. ஏழுமடக்குத்தேரி என்பது அதன் பெயர். ஏழு மடக்காக வளைந்து வளைந்து ஏறும் செங்குத்தான பாதை அது. பெயரிட்டவர் எண்ணிப் பார்த்துத்தான் இட்டாரா என்பதில் எனக்கு ஐயம். என் முழங்கால்கள் எண்ணிய கணக்கில் இருபதுக்குக் குறையாது. வேர்களே படிகளாக இருந்தன. ஒரு வேரைப் பற்றி ஏறி நிமிர்ந்தால் அடுத்த வேர் மார்பளவில் நின்றது.

அந்த ஏற்றத்தின் நடுவே நான் நின்று மூச்சு வாங்கிய இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நெடிய மரம் ஒன்று. அடிமரம் நேராக உயர்ந்திருந்தது. மேலே அதன் தளிர்கள் எல்லாம் செந்நிறமாக, மரமே தீப்பற்றியதுபோலத் தோன்றின. கீழே பாதையில் வெண்மையான பூக்கள் சில உதிர்ந்து கிடந்தன. இனிய மணம் வீசியது. ‘நல்ல அழகு’ என்று எண்ணியதோடு சரி. அப்பூக்களை மிதிக்காமல் தாண்டிச் சென்றேன். எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த பேராசிரியர் அங்கே திரும்பி ஒருகணம் என்னைப் பார்த்தார், பிறகு நடந்தார். நான் களைத்துவிட்டேனா என்று பார்த்ததாகவே அப்போது நினைத்தேன்.

மாலையில் அதிருமலை என்னும் தங்குமிடத்தை அடைந்தோம். யானைகள் புகாதபடி சுற்றிலும் அகழ் வெட்டியிருந்தார்கள். சூடான கஞ்சியும் பயறும் கிடைத்தன. அத்தனை சுவையான கஞ்சியை நான் அதற்கு முன் உண்டதில்லை. இருள் கவிவதற்குச் சற்று முன், எதிரே மேகம் விலகியது. பொதிகையின் முகடு கரும்பாறையாக, செங்குத்தாக, மிக அண்மையில் நின்றது. பள்ளியில் நான் கரும்பலகையில் வரைந்து காட்டிய பொதிகை உருண்டையானது.

மறுநாள் விடிந்ததும் புறப்பட்டோம். ஏறவேண்டியது இன்னும் ஆறு கிலோமீட்டர். ஈற்றை என்னும் சிறுமூங்கில் அடர்ந்த புதர்களுக்கிடையே பாதை சென்றது. மரங்களில் பாசி தொங்கியது. எங்கோ உயரத்தில் பெருமூச்சு விடுவதுபோல ஓசை கேட்டு அண்ணாந்தேன். இருவாய்ச்சிப் பறவைகள் இரண்டு சிறகடித்துக் கடந்தன. அவற்றின் சிறகோசை அத்தனை தொலைவுக்குக் கேட்கும் என்று அன்று அறிந்தேன். மரக்கிளைகளோடு ஒட்டிப் பூத்திருந்த வெடிப்பலாவைச் சோலைமந்திகள் பறித்துத் தின்றன. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2016இல் யுனெஸ்கோ நிறுவனம் தன் உலகப் பட்டியலில் சேர்த்தது. இங்கே வளரும் உயர்வகைத் தாவரங்கள் 2,000க்கும் மேற்பட்டவை. அவற்றுள் ஏறத்தாழ 400 வகைகள் இவ்வட்டாரத்துக்கே உரியவை என்றார் பேராசிரியர். நான் தலையசைத்தேன். எனக்குப் பெயர் தெரிந்த மரம் அவ்வழியில் ஐந்தோ ஆறோதான்.

பொங்காலைப்பாறை என்னும் அகன்ற பாறையை அடைந்தபோது பொழுது நன்றாக ஏறிவிட்டது. முன்னாளில் மக்கள் அங்கே பொங்கலிட்டு வழிபட்டமையால் அப்பெயர் வந்தது. அதன் அருகில் நீரோடை ஒன்று. அதற்கு மேலேதான் மலை தன் உண்மையான உருவைக் காட்டுகிறது. பாறைச்சரிவுகள் நிமிர்ந்து நிற்கின்றன. ஏறுவோர் பற்றிக்கொள்ளுதற்காக வடக்கயிறுகள் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கின்றன. நாங்கள் சென்ற வேளையில் மேகம் இறங்கி, பாறையை நனைத்திருந்தது.

மாணவியர் இருவரும் முதலில் ஏறினர். அடுத்து நான் வடத்தைப் பற்றினேன். பத்தடி உயரம் ஏறியிருப்பேன். வலக்கால் வழுக்கியது. உடல் ஒருபுறமாகச் சுழன்று, முழங்கால் பாறையில் மோதியது. இரு கைகளாலும் வடத்தைப் பிடித்துத் தொங்கினேன். எத்தனை நொடி அப்படி இருந்தேனோ அறியேன். கீழே நின்ற வழிகாட்டி என் பாதத்தைப் பற்றி ஒரு பிளவில் வைத்தார். பின்னர் ஒவ்வோர் அடியாக என்னை இறக்கினார். முழங்காலில் குருதி கசிந்தது, காயம் பெரிதன்று. ஆனால் கால்கள் நடுங்கின, நிற்கவில்லை.

“சிறிது நேரம் இருந்து ஏறலாம், ஐயா, நான் பின்னால் தாங்கிக்கொள்கிறேன்” என்றார் பேராசிரியர்.

வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் மேலே மூடிய மேகத்தைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். “ஏற்றிவிடலாம், சாரே. இறக்குவதுதான் கடினம்” என்றார்.

முகட்டில் அகத்தியர் சிலை இருக்கிறது. அதன் முன் நின்று கைகூப்ப வேண்டும் என்று எத்தனையோ நாள் எண்ணியிருந்தேன். ஊரில் உறவினரிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அந்த எண்ணம் ஒருபுறம் இழுத்தது. நான் விழுந்தால், என்னைத் தூக்கிக்கொண்டு 20 கிலோமீட்டருக்கு மேல் இந்தக் காட்டினூடே நடக்கவேண்டியவர்கள் இவர்கள். அதனை எண்ணியதும் என் மனம் அமைந்தது. “தம்பி, நீ போய் வா. நான் இங்கே இருக்கிறேன்” என்றேன். அவர் என்னை விட்டுச் செல்ல மறுத்தார். “ஆசிரியன் சொல்கிறேன், போ” என்று சற்றுக் கடிந்து சொன்னபின் தயங்கியபடியே ஏறினார். இன்னொரு வழிகாட்டி குழுவினருடன் சென்றார். எங்கள் காணி நண்பர் என்னோடு தங்கினார்.

பொங்காலைப்பாறையில் நாங்கள் இருவரும் ஏறத்தாழ மூன்று மணிநேரம் அமர்ந்திருந்தோம். அந்த மூன்று மணிநேரத்தைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன். இதுவரை சொன்னதெல்லாம் அவ்விடம் வந்து சேர்ந்த வழி.

முதலில் பேச்சு எழவில்லை. பையிலிருந்து கையேட்டை எடுத்தேன். மலர்ப்பெயர்களை ஒரு பக்கத்திலும், அவற்றுக்கு உரையிலிருந்து எழுதிய பொருளை மறுபக்கத்திலும் வரிசையாக எழுதியிருந்தேன். எத்தனையோ பெயர்களுக்கு எதிரே ‘ஒருவகைப் பூ’ என்றே இருந்தது. ஏதோ தோன்ற, “இதில் சில பூக்களின் பெயர் சொல்கிறேன், உங்கள் மலையில் இருக்கின்றனவா, சொல்லுங்கள்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டு சரி என்றார்.

“காந்தள்” என்றேன். அவர் அப்பெயரை அறியவில்லை. கார்காலத்தில் பூப்பது, சுடர்போல் செந்நிறமாக விரிவது, கிழங்குடையது என்று நான் விளக்கினேன். “அதுவா! மேந்தோன்னி” என்றார். எனக்கு மெய் சிலிர்த்தது. கபிலர் தொகுத்த பெயர்களுள் தோன்றி என்பதும் ஒன்று. செங்காந்தள் என்று அதற்குப் பொருள் கூறுவர். தமிழ்நாட்டுத் தெருக்களில் அச்சொல்லை வழங்குவார் எவரையும் நான் கண்டதில்லை. அகராதியில் மட்டுமே இருப்பது என்று எண்ணியிருந்தேன். அது இங்கே ஒரு மனிதர் வாயில், அன்றாடச் சொல்லாக, ‘மேல்’ என்னும் அடையோடு உயிர்வாழ்வதாகவே என் காதுக்குப் பட்டது.

பிறகு எனக்குக் களைப்பும் வலியும் மறந்துபோயின. ஒவ்வொன்றாகக் கேட்டேன். “காயா?” “காயாம்பூ, நீலமாகப் பூக்கும். கம்பு உறுதியாக இருக்கும்.” “செங்கொடுவேரி?” “செத்திக்கொடுவேலி, வேர் பொல்லாதது, பக்குவம் செய்யாமல் தொடக்கூடாது.” “வேங்கை?” “வேங்கை கீழ்க்காட்டில் நிறைய. வெட்டினால் இரத்தம்போல் வடியும்.” “கொன்றை?” “அது இல்லாமல் விஷுவா!” குடசம் என்றேன், தெரியவில்லை. வெட்பாலை என்று உரைப்பெயரைச் சொன்னதும், வயிற்றுப்போக்குக்கு அதன் பட்டையை எப்படிக் கொடுப்பது என்று விளக்கத் தொடங்கிவிட்டார். அடும்பு என்றதும் அவர் கையை விரித்துச் சிரித்தார். “அது கடற்கரையில் அல்லவா படரும், சாரே? மலைப்பாட்டில் அதை யார் வைத்தது?” கபிலரைக் கேள்வி கேட்ட அவருக்கு என்னிடம் விடையில்லை. இம்முறை எனக்குச் சினம் வரவில்லை. “தெரியவில்லை” என்றேன். அந்தச் சொல் இத்தனை எளிதாக வாயிலிருந்து வரும் என்று முப்பது ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரியாமற் போயிற்று.

எறுழம் என்றபோது அவர் நெடுநேரம் எண்ணிப் பார்த்துத் தலையை அசைத்தார். அவ்வாறு அவர் தலையை அசைத்த பெயர்களும் பல.

கடைசியாக, வேண்டுமென்றே ஒதுக்கி வைத்திருந்த பெயரைச் சொன்னேன். “நாகம்.”

“பாம்பா?”

“இல்லை, பூ. நாகப்பூ என்றும் சொல்வதுண்டு.”

“ஓ, நாங்கு மரம்! நேற்றுத் தேரியில் அதன் கீழேதான் நின்று மூச்சு வாங்கினீர்கள், சாரே. பூ உதிர்ந்து கிடந்ததே. நீங்கள் தாண்டி வந்தீர்களே!”

நாகம், நாங்கு என்று இரு சொற்களையும் அடுத்தடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். சொல்ல ஒன்றும் தோன்றாமல் ஓடைநீரைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். அந்த நீர் மேற்கே போகிறது. மலையின் மறுபுறத்தில் விழும் துளிகள் கிழக்கே ஓடித் தாமிரபருணியாகி எங்கள் ஊர்ப் படித்துறையைக் கடந்து, புன்னைக்காயலில் கடலில் கலக்கின்றன.

நண்பகலுக்குப் பின் குழுவினர் இறங்கி வந்தனர். மேலே ஒரு சிறு பொழுது மேகம் கலைந்ததாகவும், ஒருபுறம் பேப்பாறை, நெய்யாறு அணைகளின் நீர்ப்பரப்பும், மறுபுறம் தமிழகத்துக் காரையாறு அணையும் தெரிந்ததாகவும் மாணவியர் சொன்னார்கள். குறுமரங்களின் நிழலில் அகத்தியர் சிலையைக் கண்டு வணங்கினார்களாம். அந்த முகட்டில் 1855ஆம் ஆண்டில், திருவிதாங்கூர் அரசரின் வானாராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவராக இருந்த ஜான் ஆலன் பிரௌன் என்பவர் காந்தவியல், வானிலை அளவுகளை எடுப்பதற்காக ஒரு நிலையம் அமைத்தார். கருவிகளை இந்தப் பாறைமேல் எவ்வாறுதான் ஏற்றினாரோ! பேராசிரியர் கைப்பேசியில் எடுத்த படங்களைக் காட்டினார். ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பார்த்தேன். பொறாமை சிறிதும் இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும்.

மூன்றாம் நாள் காலையில் அதிருமலையிலிருந்து இறங்கினோம். ஏழுமடக்குத்தேரியில் அந்த மரத்தின் அடியில் நான் நின்றேன். கோலை ஊன்றி மெல்லக் குனிந்து, அன்று விடியலில் உதிர்ந்த பூ ஒன்றை நோக்கினேன். நான்கு வெண்ணிற இதழ்கள். நடுவே பொன்னிறக் கேசரங்கள் திரண்டு பந்துபோல் நின்றன. மணம் மென்மையானது. இலைகள் குறுகி நீண்டவை. மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் வெளிறியது. அடிமரத்தைத் தட்டிப் பார்த்தேன். கோடரியே திரும்பிவிடும், நீரில் இட்டால் மிதக்காது என்று வழிகாட்டி சொல்லியிருந்தார். சரணாலயத்தில் உதிர்ந்த பூவையும் எடுத்துச் செல்லலாகாது. ஆதலின், அதனைக் கையில் எடுத்து முகர்ந்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

பேராசிரியர் அருகில் வந்து நின்றார்.

“தம்பி, உனக்கு இந்த மரம் முன்னமே தெரியும் அல்லவா?”

“தெரியும், ஐயா.”

“முதல் நாளே ஏன் சொல்லவில்லை?”

“நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன், ஐயா.”

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. “அன்று உன்னை நிற்க வைத்துவிட்டேன். நான் அறியாததை அறியேன் என்று சொல்லியிருக்க வேண்டும்” என்றேன். இதனைச் சொல்ல எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு தொலைவு வந்து சொல்லவேண்டியும் ஆயிற்று. அவர் என் கோலை வாங்கிக்கொண்டு, தம் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். “வகுப்பு முடிய ஐந்து நிமிடந்தான் இருந்தது, ஐயா” என்றார்.

அட்டையாற்றில் உணவுக்காக நின்றபோது கையேட்டைத் திறந்தேன். நாகம் என்பதற்கு எதிரே இருந்த ‘ஒருவகைப் பூ’ என்பதை அடித்துவிட்டு, கண்டதை எழுதினேன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். தோன்றிக்கும் காயாவுக்கும் கொடுவேரிக்கும் அவ்வாறே. எழுதி முடித்து வழிகாட்டியிடம் படித்துக் காட்டினேன். வெட்பாலையில் மட்டும் ஒரு பிழை சொன்னார், திருத்தினேன். எறுழத்துக்கு எதிரே பழைய சொற்களே இருந்தன. பேராசிரியர் அதனை எட்டிப் பார்த்து, “அதற்கு வேறு மலை பார்க்க வேண்டியிருக்கும், ஐயா, உங்கள் முழங்கால் ஆறட்டும்” என்றார்.